வெயில் யாரைத் தாக்குகிறது?

பெங்களூரில் குடியேறிய நம்மவர்க்கு ஒரு பெருமை உண்டு. சித்திரை மாதத்தில் சொந்த ஊருக்குச் சென்று, வேலூரிலோ திருவண்ணாமலையிலோ உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே, “எங்கள் ஊரில் மின்விசிறியே வேண்டியதில்லை” என்று கூறுவர். கேட்போரும் பெருமூச்செறிந்து தலையசைப்பர். இப்பெருமை வீண் பெருமையன்று. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள நகரம் பெங்களூர். ஆண்டிலேயே வெப்பம் மிகுந்த ஏப்ரல் மாதத்திலும் இங்குப் பகல் வெப்பம் சராசரி 34 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றுவிடும். இரவில் 22 டிகிரி வரை தணியும். இடையிடையே மாங்காய் மழையும் பெய்து மண்ணைக் குளிர்விக்கும்.

ஆயினும், அண்மைக் காலத்தில் இப்பெருமைக்குக் குறை நேர்ந்துவிட்டது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பெங்களூர் நகரில் வெப்பம் 39.2 டிகிரியை எட்டியது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் 38.5 டிகிரி பதிவாயிற்று. அவ்வேப்ரல் மாதம் ஏறக்குறைய மழையே இன்றிக் கழிந்தது. அதற்கு முந்திய மார்ச்சு மாதத்தில், குடிநீரைக் கொண்டு வாகனங்களைக் கழுவுவோர்க்கு 5,000 ரூபாய் தண்டம் விதிக்கும் அளவுக்கு நகரில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியிருந்தது. வெயிலும் தண்ணீர்த் தட்டும் ஒன்றாக வந்த அந்தக் கோடையை ஒக்கலிபுரத்தில் குடத்துடன் காத்து நின்ற பெண்மணிகள் எளிதில் மறவார்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி, சமவெளிப் பகுதியில் ‘வெப்ப அலை’ வீசுகிறது என்று அறிவிக்க வேண்டுமாயின் முதலில் பகல் வெப்பம் 40 டிகிரியையாவது எட்டியிருத்தல் வேண்டும். அத்துடன் அது அந்நாளுக்குரிய வழக்கமான அளவைக் காட்டிலும் 4.5 டிகிரியேனும் மிகுந்திருத்தல் வேண்டும். 2016இல் கண்ட 39.2 டிகிரியும் இந்த 40 டிகிரி வரம்பைத் தொடவில்லை. ஆகவே நமது நகரில் வெப்ப அலை அறிவிப்பு வெளிவராத நாளிலும், உடலுக்கு ஒவ்வாத வெப்பம் நிலவக்கூடும். வரையறை நாட்டுக்குப் பொதுவானது. உடலோ அவரவர்க்கு உரியது. ஒரே வெயிலில், ஒரே தெருவில், ஒருவர் நலமாக வீடு திரும்ப மற்றொருவர் மயங்கி வீழ்வது ஏன் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முறையை அறிவோம். நமது உடலின் உட்சூடு 37 டிகிரியை ஒட்டியே இருந்தாக வேண்டும். வெளிச்சூடு ஏறும்பொழுது உடல் இரண்டு காரியங்களைச் செய்கிறது. இருதயம் விரைந்து துடித்து, இரத்தத்தை மிகுதியாகத் தோலுக்கு அனுப்பி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்ற முயல்கிறது. அடுத்து, வியர்வை சுரக்கிறது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பது போன்றே, வியர்வை ஆவியாகித் தோலைக் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்பொழுது ஏறக்குறைய 580 கிலோ காலரி வெப்பத்தை அது கொண்டு செல்கிறது. ஆவியாகாமல் சொட்டி வீழும் வியர்வையால் இப்பயன் இல்லை. சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றில் 35 டிகிரியே பெருந்துன்பமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. பெங்களூரின் வறண்ட காற்றில் நிலைமை வேறு. இங்கு வியர்வை சுரந்தவுடன் உலர்ந்துவிடுவதால், வியர்த்ததே நமக்குத் தெரிவதில்லை. சட்டை நனையவில்லையே, தண்ணீர் எதற்கு என்று இருந்துவிடுகிறோம். உடலோ நீரை இழந்துகொண்டேயிருக்கிறது.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இருதயம், தோல், வியர்வைச் சுரப்பி, உடலில் உள்ள நீர் ஆகிய இவற்றுள் எது குறைவுபட்டிருந்தாலும் வெப்பம் அக்குறையின் வழியே உட்புகும். எனினும், குறை ஏதும் இல்லாத திடமான உடலுக்கும் ஓர் அபாயம் உண்டு. பழக்கமின்மையே அது. நம் போன்ற குடியேறிகளுக்கு இதுவே முதன்மையானது என்பது நமது கருத்து.

வெப்பத்தைத் தாங்கும் திறன் பிறவியில் வருவதன்று. வெயிலில் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகப் பழக, ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் உடல் மாறுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும். அதன் வழியே வெளியேறும் உப்பின் அளவு குறையும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி இருதயத்தின் சுமை தணியும். ஆனால் குளிர்ந்த இடத்தில் சில வாரங்கள் தங்கிவிட்டால் இத்திறன் கரைந்துவிடுகிறது. “நாங்கள் வட ஆர்க்காட்டு வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள், எங்களை என்ன செய்யும்?” என்று நம் பெரியவர்கள் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். பிறந்த ஊரின் வெயில் முப்பதாண்டுக் காலம் உடலில் சேமிப்பாக இருப்பதில்லை. பெங்களூரில் வாழ்பவரின் உடல் பெங்களூர் உடலே.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஒக்கலிபுரத்திலிருந்து குடும்பங்கள் ஊருக்குப் புறப்படுவதை எண்ணிப் பாருங்கள். இருப்புப்பாதை நிலையம் கூப்பிடு தொலைவில் இருக்கிறது. வண்டி ஏறினால், ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியை அடைய அரைநாள்கூட ஆவதில்லை. அதற்குள் பீடபூமியை விட்டுச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறோம். அங்கோ அக்கினி நட்சத்திரம். சித்திரை 21 தொடங்கி வைகாசி 14 முடிய, அதாவது மே மாதம் 4ஆம் நாளையொட்டித் தொடங்கி 28ஆம் நாள்வரை நீடிக்கும் அந்தக் கத்திரி வெயிலில் வேலூர்ப் பகுதியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதுமையன்று. ஊரில் இருப்பவர் பங்குனி முதலே அதற்குப் பழகி வந்தவர். நண்பகலில் தெருவில் தலைகாட்டாதவர். நாமோ இறங்கிய மறுநாளே அம்மன் கோயிலுக்கு வெறுங்காலுடன் நடக்கிறோம். திருமண வீட்டில் பந்தல் போட உதவுகிறோம். இரவெல்லாம் கூத்துப் பார்த்துவிட்டுப் பகலில் உறக்கமின்றி அலைகிறோம். ஊர்க்காரர்க்கு இயலும் காரியம் நமக்கு இயலாமற்போவதில் வெட்கத்துக்கு இடமில்லை. முதல் ஐந்தாறு நாட்கள் நண்பகலில் நிழலில் இருந்து, வேலையைக் காலையிலும் மாலையிலுமாகப் பிரித்துக்கொண்டால் உடல் பின்தொடர்ந்து வந்துவிடும்.

உழைப்பாளிகளைப் பொறுத்தவரை இவ்வுண்மை வேறு நாடுகளில் நன்கு ஆராயப்பட்டுள்ளது. வெப்பத்தால் பணியிடத்தில் இறப்போருள் பெரும்பாலோர் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, அவருள்ளும் பலர் முதல் நாளிலேயே, இறந்துவிடுகின்றனர் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையினர் கண்டறிந்துள்ளனர். ஆகவே, வெயிலுக்குப் புதியவர்க்கு முதல் நாள் வழக்கமான உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கே கொடுத்து, பிறகு நாள்தோறும் ஒரு பங்கு கூட்ட வேண்டும் என்பது அங்குள்ள பரிந்துரை. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்தார் நம்மிடையே பலர் உள்ளனர். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. ஆழம் கூடக் கூடப் பாறையின் சூடும் கூடும். அங்கே வெப்பத்தில் உழைத்த முதியவர்களிடம் கேட்டால், புதிதாக இறங்குபவன் முதல் நாட்களில் படும் பாட்டை அவர்கள் எடுத்துரைப்பார்கள். இன்று தங்கவயலிலிருந்து இரயில் ஏறிப் பெங்களூர் வந்து கட்டட வேலை செய்யும் இளைஞனுக்கு அவ்வாறு எடுத்துரைப்பார் எவருமில்லை. மேஸ்திரி முதல் நாளே முழு வேலை கேட்கிறார். இளைஞனும் முழுக் கூலி வேண்டி முழு வேலை செய்கிறான்.

உழைப்பைப் பற்றிப் பேசும்பொழுது பெண்களை மறக்கலாகாது. பூ விற்பவர், சித்தாள் வேலை செய்பவர், தெருக் கூட்டுபவர் ஆகியோரில் பலர் காலை முதல் மாலை வரை தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். காரணம் தாகமின்மையன்று, அருகில் கழிப்பிடம் இல்லாமையே. ‘சூடு பிடித்துக்கொண்டது’ என்று அவர்கள் சொல்லும் நீர்க்கடுப்பு பெரும்பாலும் இதன் விளைவு. வேலையிடத்தில் ஒரு கழிப்பிடம் அமைத்தல் நாகரிகத்தின் பாற்பட்டது மட்டுமன்று. வெப்ப நோயைத் தடுக்கும் மருத்துவமும் ஆகும்.

இனி வீட்டுக்குள் வருவோம். வெயில் வெளியில் செல்பவரையே தாக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உலகில் நிகழ்ந்த பெருந்துயரங்கள் சில இதற்கு மாறான செய்தியையே கூறுகின்றன. கனடா நாட்டின் மேற்கில் பசிபிக் கடலோரத்தில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், நமது பெங்களூரைப் போன்றே இதமான சீதோஷ்ண நிலைக்குப் பெயர்பெற்றது. 2021ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு எவரும் எதிர்பாராத வெப்பம் சில நாட்கள் நீடித்தது. 619 பேர் இறந்தனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் வெப்பத்திற்கு ஆளானது கட்டடங்களுக்கு உள்ளே. மூவரில் இருவர் எழுபது வயதைக் கடந்தவர். பாதிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர். குளிர்ந்த நாடு என்னும் நம்பிக்கையே அங்குள்ள வீடுகளை வெப்பத்திற்கு ஆயத்தமில்லாதவையாக வைத்திருந்தது. அதற்கு முன் 1995இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் எழுநூற்றுக்கும் மேற்பட்டோரும், 2003இல் பிரான்சு நாட்டில் ஏறக்குறைய பதினையாயிரவரும் வெப்பத்தால் மாண்டபொழுது நடந்த ஆராய்ச்சிகளும் இதையே காட்டின. மேல்மாடியில், கூரைக்கு நேர் கீழே உறங்கியவர், படுக்கையை விட்டு எழ இயலாதவர், வீட்டை விட்டு வெளியே வாராதவர், பார்க்க வருவோர் இல்லாதவர் ஆகியோரே மிகுதியாக மடிந்தனர்.

ஒக்கலிபுரத்தின் சந்துகளில் நடந்து செல்பவர்க்கு இச்செய்தி வேறு நாட்டுச் செய்தியாகத் தோன்றாது. இருப்புப்பாதைக்கும் ஸ்ரீராமபுரத்திற்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் இப்பகுதியில், ஆலை வேலைக்கும் இரயில்வே வேலைக்கும் வந்தவர் எழுப்பிய சிறு வீடுகள் பல. குடும்பம் பெருகப் பெருக, மேலே ஓர் அறை எழுந்தது. அதன்மேல் தகரமோ சிமென்ட் தகடோ போடப்பட்டது. கீழே இளையவர் குடும்பம். மேலே, ஏணிப்படி ஏறி, ஊரிலிருந்து அழைத்து வரப்பட்ட முதிய பெற்றோர். ‘காற்றாட இருக்கட்டும்’ என்னும் நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. ஆனால் நண்பகலில் அத்தகரம் உலைமூடி போன்று கொதிக்கிறது. சுற்றிலும் சிமென்ட்டுச் சுவர்கள் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றன. ஒரு காலத்தில் இப்பகுதிக்கு அருகே தர்மாம்புதி என்னும் ஏரி இருந்தது. இன்று அவ்விடத்தில் கெம்பேகௌடா பேருந்து நிலையம் இருக்கிறது. நீரும் மரமும் இருந்த இடத்தில் தாரும் சிமென்ட்டும் வந்தபின் இரவு முன்போல் குளிர்வதில்லை. பகல் முழுதும் வெப்பத்தோடு போராடிய இருதயத்திற்கு இரவே ஓய்வு. அவ்வோய்வு இரண்டு மூன்று இரவுகள் கிட்டாமற்போனால், நான்காம் நாள் வெப்பம் முன்னைய அளவே இருப்பினும் உடல் தாங்குவதில்லை. தகரக் கூரை அறையில் மின்விசிறியை நம்பியிருத்தலும் போதாது. அறையின் சூடு 40 டிகிரியை நெருங்கினால் விசிறி வெந்த காற்றையே மேலே வீசும். ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொண்டு விசிறியின் கீழ் அமர்ந்தால் சிறிது பயனுண்டு.

இதற்குப் பெருஞ்செலவின்றியே செய்யத்தக்கது ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டு மே மாதம் அகமதாபாத்து நகரில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. வழக்கமான இறப்புக் கணக்கைக் காட்டிலும் அம்மாதத்தில் 1,344 பேர் மிகுதியாக இறந்தனர் என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. அந்நகரின் மருத்துவமனை ஒன்றில், பிறந்த குழந்தைகளின் பிரிவு மேல்மாடியில் இருந்தது. அதனைத் தரைத்தளத்துக்கு மாற்றியதும், வெப்பத்தால் நோயுறும் பச்சிளங்குழந்தைகளின் தொகை குறைந்தது. புதிய கருவி ஏதும் வாங்கப்படவில்லை; தொட்டில்கள் கீழே இறங்கின, அவ்வளவே. 2013இல் அந்நகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு பூசி வெண்மையாக்கும் பணியும் பின்னர்த் தொடங்கிற்று. வெண்கூரையின் கீழ் அறையின் சூடு சில டிகிரி தணிகிறது. பங்குனி மாதத்திலேயே நம் தகரக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதும், வெப்பம் மிகுந்த வாரங்களில் மேலே இருக்கும் பெரியவரின் படுக்கையைக் கீழே கொண்டுவருவதும் நம்மால் இயலாதனவா? கீழே இடம் நெருக்கடிதான்; மறுக்கவில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு நெருக்கடியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தனிமையைப் பற்றி இன்னும் ஒரு சொல். கிராமத்தில் திண்ணை உண்டு. போவோர் வருவோர் உண்டு. இங்கு மகனும் மருமகளும் பணிக்குச் சென்றுவிட, பெயரன் பள்ளிக்குச் சென்றுவிட, முதியவர் பகல் முழுதும் தனியே இருக்கிறார். அண்டை வீட்டாரோடு பேசக் கன்னடம் வாராது. தெருமுனையில் ஒட்டியிருக்கும் சுகாதாரத் துறையின் அறிவிப்பைப் படிக்கவும் வாராது. ‘பிசிகாளி’ என்று அதில் எழுதியிருப்பார்கள். காளி என்றவுடன் அம்மனை நினைக்க வேண்டா. கன்னடத்தில் காளி என்பது காற்று. பிசிகாளி என்பது அனற்காற்று. வெப்ப அலையைக் குறிக்க வழங்குவது. அறிவிப்பை வாசிக்க இயலாமை மருத்துவ நூலில் அபாயக் காரணமாக எழுதப்பட்டிருக்கிறதோ இல்லையோ, வேற்று மாநிலத்தில் வாழும் நாம் அதனை அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பகலில் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, “அம்மா, தண்ணீர் குடித்தீர்களா?” என்று கேட்பதோடு நில்லாமல், அவர் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று செவிமடுத்தல் நன்று. எதிர் வீட்டுக் கன்னட அம்மையாரிடம் ஒரு சொல் சொல்லி வைத்தால் அவர் எட்டிப் பார்க்க மறுக்கமாட்டார்.

முதுமை ஏன் அபாயமாகிறது என்பதையும் கூறிவிடுவோம். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்குகிறது. உடலில் நீர் குறைந்த பின்னரும் தாகம் எழுவதில்லை. வியர்வைச் சுரப்பு தளர்கிறது. இருதயம் தோலுக்கு இரத்தத்தை விரைந்து அனுப்ப இயலாமற்போகிறது. பச்சிளங்குழந்தையின் நிலை வேறு விதமானது. அதன் உடல் எடைக்குத் தோலின் பரப்பு மிகுதி. ஆகவே சூடு விரைவில் ஏறும். தாகத்தைச் சொல்லவோ போர்வையை விலக்கவோ அதனால் இயலாது. கருவுற்ற தாய்மாரும் வெப்பத்தால் எளிதில் துன்புறுவர். இருதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு, மிகு பருமன் ஆகியன உடையோரும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு தேறி வருவோரும், முன்னர் ஒருமுறை வெப்பத்தால் மயங்கி வீழ்ந்தோரும் தனிக் கவனத்திற்கு உரியவர். மது அருந்துவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. மது உடலின் நீரை வெளியேற்றுவதோடு, அபாயத்தை உணரும் அறிவையும் மழுங்கச் செய்கிறது.

மருந்துகளின் செய்தி பலர்க்குப் புதிதாக இருக்கும். இரத்த அழுத்தத்திற்காகவும் கால் வீக்கத்திற்காகவும் கொடுக்கப்படும் நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் உடலின் நீரைக் குறைக்கின்றன. இருதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகள், வெப்பத்திற்கேற்ப இருதயம் விரைவதைத் தடுக்கின்றன. மனநோய்க்கான மருந்துகள் சிலவும், சளிக்கும் அரிப்புக்கும் நாமே கடையில் வாங்கி உண்ணும் மாத்திரைகள் சிலவும் வியர்வையைக் குறைக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இறந்தோருள் மனச்சிதைவு நோயுடையோர், மக்கள் தொகையில் தமக்குரிய விகிதத்தைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாக இருந்தனர். இதைக் கேட்டு எவரும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. அது வெயிலைவிடப் பெரிய அபாயம். பங்குனி பிறக்கும்பொழுதே மருத்துவரிடம் சென்று, “இக்கோடையில் இம்மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா? நாள் ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?” என்று கேட்டறிதல் வேண்டும். இருதயமும் சிறுநீரகமும் பழுதுற்றோர்க்குத் தண்ணீருக்கும் உப்புக்கும் வரம்பு உண்டு. ‘மோரில் உப்புப் போட்டு நிறையக் குடி’ என்னும் பொது அறிவுரை அவர்கட்குப் பொருந்தாது.

கூட்டமும் ஒரு காரணம். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரீனாக் கடற்கரையில் விமானப்படையின் சாகசக் காட்சி நடைபெற்றது. முற்பகல் முதல் பல இலட்சம் மக்கள் திறந்த மணற்பரப்பில் நின்றனர். கடும் வெயிலும் வேறு உடல்நிலைக் காரணங்களுமாக ஐவர் உயிரிழந்தனர் என்று அரசு அறிவித்தது. அது கோடையன்று; ஐப்பசியை நெருங்கும் காலம். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் நவிமும்பையை அடுத்த கார்கரில் திறந்தவெளியில் நடந்த விழாவிற்குப் பின்னர் 14 பேர் இறந்தனர். நெருங்கி நிற்கும்பொழுது காற்று ஊடுருவுவதில்லை. நினைத்தவுடன் வெளியேற வழியில்லை. தண்ணீர் இருக்குமிடம் எட்டாது. ‘வேறு உடல்நிலைக் காரணங்கள்’ என்னும் சொற்றொடரைக் கேட்டு, அப்படியாயின் வெயில் குற்றமற்றது என்று எண்ணுவோர் உண்டு. நாம் மேலே கண்டது இதற்கு மாறானது. வெயில் பெரும்பாலும் அவ்வுடல்நிலைகளின் வழியாகவே கொல்கிறது. மெரீனா நிகழ்ச்சி நடந்த அதே மாதத்தின் இறுதியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு இங்கு ஒரு குறை சொல்ல உண்டு. வெப்பத்தால் விளையும் கடும் நோயை ‘வெப்பப் பக்கவாதம்’ என்று அச்சிட்ட துண்டறிக்கையைக் கண்டிருக்கிறோம். ஆங்கிலச் சொல்லின் பாதியை அகராதியில் பார்த்து எழுதியதன் விளைவு அது. அதைப் படிப்பவர், கை கால் இழுத்துக்கொண்டால்தான் அந்நோய் என்று எண்ணிக் காத்திருப்பார். அதற்குள் பொழுது கடந்துவிடும். பாமரர் வழங்கும் ‘வெயில் அடித்துவிட்டது’ என்னும் சொல்லே இதனினும் தெளிவானது.

அதன் அறிகுறி யாது? தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, பெருவியர்வை, களைப்பு ஆகியன முன்னோடிகள். இந்நிலையில் நிழலில் அமர்ந்து, ஆடையைத் தளர்த்தி, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகினால் பெரும்பாலோர் தேறிவிடுவர். மனம் தடுமாறுவதே கடும் நோயின் அடையாளம். பொருத்தமின்றிப் பேசுதல், ஆளை அடையாளம் காணாமை, காரணமின்றிச் சினத்தல், குடிகாரனைப் போலத் தள்ளாடுதல், வலிப்பு, நினைவிழத்தல் இவற்றுள் எது தோன்றினும், உடலும் கொதித்தால், உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கக் கூடும் என்று கொள்ளல் வேண்டும். தோல் உலர்ந்திருந்தால்தான் அந்நோய் என்பது தவறு. வெயிலில் உழைத்து வீழ்ந்த இளைஞனின் உடல் வியர்வையில் நனைந்தேயிருக்கும். தெருவில் தள்ளாடுபவனைக் கண்டு ‘குடித்திருக்கிறான்’ என்று விலகிச் செல்வது, சித்திரை மாதத்தில் கொலைக்கு ஒப்பாகலாம்.

அந்நிலையில் உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் எண் அதுவே. ஆனால் வண்டி வரும்வரை வாளாவிருத்தல் ஆகாது. உயிரைக் காப்பது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் விரைவு மட்டுமன்று, உடலைக் குளிர்விக்கும் விரைவும் ஆகும். நோயாளியை நிழலுக்குத் தூக்கிச் சென்று, மேலாடையைக் களைந்து, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றுங்கள். குடிநீரா, கழுவும் நீரா என்று பார்க்க வேண்டா. இருவர் முறத்தாலோ அட்டையாலோ விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் செல்லும். காய்ச்சல் மாத்திரையால் இச்சூடு தணியாது, இது காய்ச்சலன்று. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வண்டி வந்து மருத்துவப் பணியாளர் பொறுப்பேற்கும்வரை, நீர் ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள்.